காலடிப்பேட்டையில் எனக்கென்று ஒரு தோசைக்கல்

போன வாரம் ஒரு வாசகி போன் செய்தார். சேலத்திலிருந்து.

"சார், என் பொண்ணுக்கும் உங்களை மாதிரியே சீலியாக். கோதுமை ஆகாது. எங்க வீட்டுக்காரரோட வேலை விஷயமா எண்ணூர்ல ஒரு மாசம் தங்கப் போறோம். அந்தப் பக்கம் எங்க சாப்பிடலாம்னு சொல்லுங்களேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "காலடிப்பேட்டைல ஏதோ ஒரு மெஸ்ஸாம். அங்க மட்டும் போகவே கூடாதுன்னு நம்ம சீலியாக் வாட்ஸ்அப் குரூப்ல யாரோ போட்டிருக்காங்க. எனக்கே நாலு பேர் அனுப்பிட்டாங்க சார்."

யாரோ இல்லை. அந்த மெசேஜை எழுதிய மகானுபாவன் நான்தான்.

"அப்புறம் பேசறேன்மா" என்று வைத்துவிட்டேன். அன்று முழுக்க ஒரு வேலையும் ஓடவில்லை.

இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. கோதுமை, மைதா, ரவை, சேமியா... இதில் எது ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் என் குடல் என்னோடு சண்டைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று நாள் படுக்கைதான். மருந்து கிடையாது. சாப்பிடாமல் இருப்பதுதான் மருந்து.

வீட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. வெளியூர் போனால்? "கோதுமை ஆகாதுங்க" என்று சொல்லிப் பாருங்கள். "சுகரா சார்? அப்ப சப்பாத்தி சாப்பிடுங்க" என்பார் சர்வர். நம்மூர் ஹோட்டல்களில் எந்த வியாதிக்கும் மருந்து சப்பாத்திதான்! தோசை கேட்டால் புரோட்டா கல்லில் ஊற்றுவார்கள். சாம்பார் கெட்டியாக இருந்தால் உள்ளே மைதா கரைத்திருக்கிறார்களோ என்று சந்தேகம். துருவித் துருவிக் கேட்டால், "சாப்பிட வந்தீங்களா, ரெய்டுக்கு வந்தீங்களா?" என்று முறைப்பார்கள்.

எனக்கோ ஊர் சுற்றும் பிழைப்பு. லாரிகளை எடை போடும் வே பிரிட்ஜ்களைச் சரிபார்த்துக் கொடுப்பது வேலை. திருச்சியிலிருந்து கிளம்பி வாரத்தில் இரண்டு நாள் மணலி, எண்ணூர் பக்கம் இருப்பேன். திருவொற்றியூரில் ஒரு லாட்ஜ். முதல் ஆறு மாதம் வாழைப்பழமும் வேர்க்கடலையும்தான் சாப்பாடு.

பிறகுதான் பிலோமினா அக்கா கிடைத்தார்.

ராயபுரத்தில் பிறந்து காலடிப்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டவர். ஐந்து மேஜை போட்ட சின்ன மெஸ். மதியம் மீன் குழம்புச் சாப்பாடு. சாயங்காலம் புரோட்டா, தோசை. கடையில் நல்ல கூட்டமே அந்தப் புரோட்டாவுக்குத்தான். நான் வழக்கமான என் பாட்டைப் பாடினேன். அவர் சிரிக்கவில்லை. சப்பாத்தி சாப்பிடச் சொல்லவில்லை.

"எந்தங்கச்சிக்கு இப்டித்தான் நைனா" என்றார். "சர்ச்சுல நன்மை வாங்குவோம்ல, அந்த அப்பம் கோதுமைல செய்றது. இத்தினூண்டுதான் இருக்கும். அத்த வாங்கிகினு வந்தாலே வயித்தப் புடிச்சிகினு சுருண்டுக்கும். சாமிக்கே ஆகாத பொண்ணுன்னு தெருவுல பேசிக்கினாங்க. எலும்பும் தோலுமா ஆயிட்ச்சா... ஒடம்பு தேறட்டும்னு எங்கம்மா தெனமும் கோதுமக் கஞ்சி காச்சிக் குடுத்துச்சி. நாந்தான் ஊட்டி வுடுவேன். பதினோரு வயசுல செத்துப் பூட்டா."



அடுத்த வாரம் போனபோது ஒரு புதுத் தோசைக்கல் ஆணியில் தொங்கியது. பிடியில் சிவப்பு ரிப்பன். "இது உன்து. வேற எவனும் தொட மாட்டான்" என்றார். தனிக் கரண்டி, தனிப் பாத்திரம். எனக்குத் தோசை ஊற்றுவதற்கு முன்னால் முழங்கை வரை சோப்பு போட்டுக் கழுவுவார். ஒரு வருடம் சாப்பிட்டேன். ஒரு நாள்கூட வயிறு முணுமுணுக்கவில்லை. வெளியூரில் பயமில்லாமல் சாப்பிடுவது எவ்வளவு பெரிய சுகம் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அவருக்கு ஒரே ஒரு குறை. பெருங்காயம் போட நான் விடவில்லை. தூள் பெருங்காயத்தில் பாதிக்கு மேல் மாவுதான். பெரும்பாலும் கோதுமை மாவு அல்லது மைதா. "பெருங்காயம் போடாத ரசம்லாம் ஒரு ரசமா? ஒனக்கு ஊத்துறதுக்கே பேஜாரா கீது" என்று புலம்புவார்.

அரிசி மாவு கலந்த பெருங்காயமும் உண்டு. எங்கள் வீட்டில் அதுதான். ஒரு முறை திருச்சியில் நாங்கள் எப்போதும் வாங்கும் கடையிலேயே இரண்டு டப்பா வாங்கினேன்... வீட்டுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அக்காவுக்கு ஏக சந்தோஷம். அன்று மதியமே எனக்கென்று தனியாக ரசம் வைத்தார். நான் இரண்டு முறை வாங்கிக் குடித்தேன்.

சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. மூன்று நாள் லாட்ஜில் சுருண்டு கிடந்தேன்.

படுத்தபடியே அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உங்களை நம்பித்தானே சாப்பிட்டேன்?" என்றேன். "மன்னிச்சிக்கோ நைனா... எங்க தப்பு நடந்துச்சின்னு பாக்குறேன்" என்றார். அதோடு விட்டேனா? சீலியாக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் எழுதினேன். மெஸ்ஸின் பெயர் போட்டு, தெருவின் பெயர் போட்டு. "தனிக் கல் என்பதெல்லாம் சும்மா. புரோட்டா போடுகிற இடம். நம்பிப் போய் மூன்று நாள் படுத்துவிட்டேன். நமக்கு எதுக்கு ரிஸ்க்?" என்று முடித்தேன். கட்டைவிரல்கள் குவிந்தன. ஊர் ஊராக ஃபார்வர்டு ஆனது. அந்த வலியிலும் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன்?

இரண்டு மாதம் கழித்து, திருச்சி வீட்டில் பழைய பெருங்காயம் தீர்ந்து புது டப்பாவைத் திறந்தோம். மறுநாள் நான் படுக்கை. மனைவி டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள். "கண்ணாடியைப் போட்டுக்கிட்டு இதைக் கொஞ்சம் படிங்க" என்று நீட்டினாள்.

மைதா.

அதே நிறம், அதே அளவு. ஆனால் நாங்கள் வழக்கமாக வாங்கும் டப்பா இல்லை. கடையில் எடுத்துக் கொடுத்ததை அப்படியே பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். லேபிளைப் படியுங்கள், லேபிளைப் படியுங்கள் என்று இந்தப் பத்தியில் எத்தனை முறை உங்களுக்குப் பாடம் எடுத்திருப்பேன்! அக்காவின் கை சுத்தம். கல் சுத்தம். விஷத்தைப் பரிசு மாதிரி கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

அன்றே குரூப்பில் எழுதியிருக்க வேண்டும். அன்றே ரயில் ஏறியிருக்க வேண்டும். செய்யவில்லை. நாளைக்கு, அடுத்த வாரம், வேலை முடியட்டும்... வெட்கம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது திமிர்தான். எண்ணூர் வேலையைக்கூட வேறொருவருக்குத் தள்ளிவிட்டு இரண்டு மாதம் சும்மா இருந்தேன்.

சேலத்து வாசகியின் போன் வந்த பிறகுதான், போன சனிக்கிழமை போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஐந்து மேஜையில் இரண்டில்தான் ஆள். வாசலில் புரோட்டா தட்டும் பெரிய மேஜையைக் காணோம். புரோட்டா மாஸ்டரையும் காணோம். அக்கா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வா நைனா. இன்னா இப்டி எளச்சிப் பூட்ட?"

"புரோட்டா மேஜை எங்கக்கா?"

"எட்த்துட்டேன்பா. நீ போன் பண்ணி கத்துனல்ல... எப்டி யோசிச்சும் தப்பு எங்கன்னு புரில. மாவு பறந்து வந்து உன் கல்லு மேல வுழுந்துச்சோன்னு தோணிச்சி. நமக்குத் தெரியாமலே இன்னொரு உசுருக்கு எதுனா ஆயிட்ச்சின்னா? வோணாம்னு புரோட்டாவே நிறுத்திட்டேன். மாஸ்டரு தண்டையார்பேட்டைல வேற கடைக்குப் பூட்டாரு."

 உட்கார்ந்தேன். "அந்தப் பெருங்காய டப்பா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

மேல் தட்டிலிருந்து எடுத்தார். பாலிதீன் கவரில் பத்திரமாகச் சுற்றியிருந்தது. "உன் சமையலுக்குத்தான வச்சிகீறேன். வேற எதுக்கும் தொடல."

பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடையில் பார்க்காமல் வாங்கியது, குரூப்பில் எழுதியது, இரண்டு மாதத்துக்கு முன்னால் வீட்டில் தெரிந்துகொண்டது.

"குரூப்புல போட்டத என் பொண்ணு காட்னா" என்றார்.  தெரிந்துமா என்னை "வா நைனா" என்றார்? "கோவத்துல எழுதிக்கீறான், நம்ம மேல தப்பு இருக்கசொல்ல நாம இன்னா பேசறதுன்னு வுட்டுட்டேன்."

டப்பாவைக் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத அந்த எழுத்துகளையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப ரெண்டு மாசத்துக்கு முன்னயே உனக்குத் தெரியும்?"

"தெரியும்க்கா."

"எந்தங்கச்சிக்கு நான் தெரியாம ஊட்னேன். தெரிஞ்சிருந்தா அன்னிக்கே நிறுத்தியிருப்பேன். நீ தெரிஞ்சப்புறம் ரெண்டு மாசம் இன்னா பண்ணிகினு இருந்த நைனா?"

குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.  

அவர் டப்பாவைக் குப்பையில் போட்டார். கையை முழங்கை வரை கழுவினார். ஆணியிலிருந்து சிவப்பு ரிப்பன் கல்லை எடுத்து அடுப்பில் வைத்தார். மூன்று தோசை. சாப்பிடும்போது கண்ணீர் வந்தது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

அந்த மேஜையில் உட்கார்ந்தே குரூப்பில் எழுதினேன். தப்பு என்னுடையது, அக்காவுடையது இல்லை, தைரியமாகப் போங்கள் என்று. ஒரு மணி நேரத்தில் மூன்று கட்டைவிரல். அதற்குக் கீழே யாரோ சிறுதானிய லட்டு செய்முறை போட்டார்கள். என் மன்னிப்பு மேலே நகர்ந்து மறைந்துவிட்டது.

சேலத்து வாசகிக்கும் போன் செய்தேன். நடந்ததைச் சொல்லி, "கண்ணை மூடிக்கிட்டு காலடிப்பேட்டை மெஸ்ஸுக்குப் போங்கம்மா" என்றேன்.

 அவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"நீங்க சொல்றது சரிதான் சார். இருந்தாலும்... நமக்கு எதுக்கு ரிஸ்க்?"

என் வரியை எனக்கே படித்துக் காட்டிவிட்டார்!