நோன்பு பிடிக்க விட்ட டொக்டர்

அட்டாளைச்சேனையில் எங்கள் ஒழுங்கையில் ஜெமீலா ராத்தா பொரித்து விற்கும் ரோல்ஸுக்கு அடிபடாத வீடு இல்லை. றமழான் மாதம் என்றால் பின்னேரம் அஸர் தொழுகை முடிந்த கையோடு அவருடைய வாசலில் சனம் நிற்கும். நோன்பு வாயோடு, ஒரு துளியைக்கூட நாக்கில் வைத்துப் பார்க்காமல், கைக்கணக்கில் உப்புப் போடுவார். ஒருநாளும் கூடியதுமில்லை, குறைந்ததுமில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. "நீங்கெல்லாம் ருசி பாத்துச் சமைக்கிற ஆக்கள் புள்ள" என்று என்னை நக்கலடிப்பார். நான் அடுத்த வீட்டுக்காரி. பதினாறு வருடத்துக்கு மேலாக அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

ராத்தாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, வந்தபோது வயது முப்பத்தெட்டு. கணவர் மௌத்தாகி, அடக்கம் செய்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. முதலில் பார்த்த இரண்டு டொக்டர்மாரும் நோன்பு பிடிக்க வேண்டாம் என்றார்கள். மூன்றாவதாகப் போனது டொக்டர் றாஸிக்கின் டிஸ்பென்சரிக்கு.

"நோன்பு தாராளமாப் பிடிக்கலாம். விடிய முந்திச் சஹர் சாப்பாட்டுக்கு ஒண்டு, நோன்பு திறந்தாப் பிறகு ஒண்டு, குளிசைய மாத்தித் தாறன்" என்றார் அவர்.

அவ்வளவுதான். ராத்தா தன் டொக்டரைக் கண்டுபிடித்துவிட்டார்.

எங்கள் பக்கத்தில் டொக்டரை இப்படித்தான் தெரிவு செய்கிறோம். யார் கெட்டிக்காரர் என்று விசாரிப்பதில்லை. யார் நோன்பு பிடிக்க விடுவார் என்றுதான் விசாரிப்போம். விடாதவருக்கு அல்லாஹ்வின் மேல் ஈமான் போதாது என்றுகூடச் சொல்லிவிடுவோம். நானும் சொல்லியிருக்கிறேன், மறைப்பானேன்.

போன வருடம் ராத்தாவின் கால் வீங்கத் தொடங்கியது. காலையில் எழும்பினால் முகமும் ஊதியிருக்கும். கல்முனையில் வேறு டொக்டரிடம் காட்டுவோம் என்று மகள் ஆகிலா மல்லுக்கு நின்றாள். ராத்தா தவணை சொல்லிக்கொண்டே போனார். நோன்பு முடியட்டும் என்றார். நோன்பு முடிந்ததும், ஹஜ்ஜுப் பெருநாள் போகட்டும் என்றார். அதுவும் போனது.

"இத்தின வருசம் பாத்த மனிசன விட்டுட்டு எப்பிடிப் புள்ள போற? அவருக்குத் தெரிஞ்சா மனம் நோகும்" என்றார் என்னிடம்.

உண்மை அதுமட்டுமல்ல. புது டொக்டரின் வாயிலிருந்து என்ன வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதைக் கேட்கத்தான் பயம்.

பிறகு ஒருநாள் அடுப்படியில் மூச்சு வாங்கி, கதவைப் பிடித்தபடி நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகுதான் சம்மதித்தார். நாங்கள் மூவருமாக ஓட்டோவில் போனோம். டொக்டர் றாஸிக்கின் டிஸ்பென்சரியைத் தாண்டும்போது ராத்தா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். ஏதோ களவெடுக்கப் போகிறவர் போல!

கல்முனையில் பார்த்த டொக்டர் தர்சினி இளம் பிள்ளை. பழைய இரத்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்டார். ராத்தாவிடம் ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. டொக்டர் றாஸிக் தானே இரத்தத்தை எடுத்து அனுப்புவார், முடிவும் அவரிடமே வரும். 'பயப்பிட ஒண்டுமில்ல' என்ற சொல் மட்டும்தான் ராத்தாவுக்குக் கிடைக்கும். அடுத்த நாள் ஆகிலா டிஸ்பென்சரிக்குப் போய், மருந்து கட்டும் பிள்ளையிடம் பேசி, றிப்போட்டெல்லாம் இருந்த முழுக் கோப்பையும் வாங்கி வந்தாள். அதோடு மறுபடியும் கல்முனைக்குப் போனோம்.

டொக்டர் தர்சினி கோப்பை இரண்டு தரம் புரட்டினார்.

"அம்மா, உங்கட கிட்னி மூண்டு வருசமாப் பழுதாகிக்கொண்டு வந்திருக்கு. ஒவ்வொரு றிப்போட்டிலயும் இருக்கு. உங்களுக்கு இதச் சொல்லல்லையா?"

"அந்த மூணு வருசமும் நான் முழு நோன்பும் பிடிச்சனே, டொக்டர்" என்றார் ராத்தா.

"இனிப் பிடிக்கக் கூடாதம்மா. மிச்சமிருக்கிறதக் காப்பாத்தப் பாப்பம்."

திரும்பும் வழியில் ராத்தா கோப்பை மடியில் வைத்திருந்தார். டிஸ்பென்சரி வந்ததும் ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். நோன்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. விறாந்தை நிறையச் சனம், பாதிப்பேர் குளிசையின் நேரத்தை நோன்புக்கு மாற்ற வந்தவர்கள். ராத்தா நம்பர் எடுக்காமல் நேரே உள்ளே போனார். நானும் பின்னால் போனேன்.

"டொக்டர், என்ட கிட்னி பழுதாகிற உங்களுக்குத் தெரியுமா?"

அவர் ராத்தாவின் கையிலிருந்த கோப்பைப் பார்த்தார். பொய் சொல்ல வழியில்லை.

"சொன்னா நோன்பு வேணாம் எண்டும் சொல்லணும். நீங்க கேட்டிருப்பீங்களா? வேற டொக்டரிட்டப் போயிருப்பீங்க. என்னட்ட வந்ததே அதுக்குத்தானே?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பாதி உண்மை என்பதால் இன்னும் கூடுதலாக எரிந்தது. மூன்று வருடம், மனிதரே! ஒருத்தியின் உயிரை விட உமக்கு விறாந்தையில் நிற்கும் கூட்டம் பெரிதா? நான் வாயைத் திறக்குமுன் ராத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வருத்தக்காரருக்கு நோன்ப விடலாமெண்டு அல்லாஹ்வே சலுகை தந்திரிக்கான். அவன் எனக்குத் தந்தத நீங்க எனக்கிட்டச் சொல்லாம வெச்சிக்கிட்டீங்களே."

 கதவு திறந்துதான் கிடந்தது. விறாந்தையில் எல்லோருக்கும் கேட்டிருக்கும், ஆனால் ஒருவர்கூட எழும்பிப் போகவில்லை. அடுத்த நம்பர்காரி எங்களை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள்.

ஓட்டோவில் ஏறிய பிறகுதான் ராத்தா அழுதார்.

"நோன்பு திறக்கிற நேரம் அல்லாஹ்க்கிட்டக் கேக்கிற துஆ வீண் போகாதெண்டு, பேரீச்சம்பழத்தக் கையில வெச்சிக்கிட்டுக் கேப்பன் புள்ள. மௌத்தான என்ட மனிசனுக்குக் கேக்க முன்ன அந்த டொக்டருக்குத்தான் கேப்பன். ஒவ்வொரு நாளும் கேட்டன்."