ஆட்டக்காரரா, முட்டுக்காரரா

எனக்குக் குத்துச்சண்டை பிடிக்கும் என்று சொன்னால் பெரியகுளத்தில் என் வீட்டுக்காரரின் சொந்தங்கள் இன்றைக்கும் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும். சீரியலில் மாமியாரும் மருமகளும் அடித்துக்கொள்வதை வாயைப் பிளந்துகொண்டு பார்க்கலாம். இரண்டு பேர் கையுறை மாட்டிக்கொண்டு விதிப்படி அடித்துக்கொள்வதை மட்டும் ஒரு பொம்பளை பார்க்கக் கூடாதாம்.

பழக்கிவிட்டது என் அண்ணன். பட்டாளத்தில் இருந்தார். ஆள் உயரமாக இருந்ததால் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்கு இழுத்துவிட்டார்கள். உயரம் இருந்ததே தவிர எடை போதாது. எடை பார்க்கிற அன்று காலையில் வாழைப்பழமாகத் தின்று, தண்ணீராகக் குடித்துவிட்டுத் தராசில் ஏறுவாராம். அந்தப் பிரிவுக்குக் கீழே ஒரு வரம்பு உண்டு, மேலே வரம்பு கிடையாது. தட்டுத்தடுமாறி வரம்பைத் தொட்டவரும் நெல் மூட்டை மாதிரி இருப்பவரும் ஒரே வளையத்துக்குள் நிற்க வேண்டும். அண்ணன் வரம்பைத் தொட்டவராகவே பல வருஷம் நின்றார். ஜெயித்த கோப்பைகள் அனுமந்தன்பட்டியில் எங்கள் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கின்றன.

ஓய்வு பெற்று வந்து, மதினியோடும் மகளோடும் அம்மா வீட்டிலேயே இருந்துகொண்டு திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் அம்மாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் போனில் பழைய சண்டைகளைப் போட்டுக் காட்டுவார். உலகத்திலேயே பெரிய ஹெவிவெயிட் வீரன் யார் என்று எங்களுக்குள் ஓயாத தகராறு. பெயரை எழுதினால் படிக்கிற நீங்களும் கட்சி கட்டிக்கொண்டு வருவீர்கள், அதனால் எழுதப்போவதில்லை. என் ஆளை ‘ஆட்டக்காரர்’ என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் தரையில் படாமல் ஆடிக்கொண்டே அடிப்பார். அண்ணனுடைய ஆள் அவருக்கும் முந்தின காலத்துக் கறுப்பு வெள்ளைப் படத்தில் வருகிறவர். குள்ளம். தலையைக் குனிந்து முட்டிக்கொண்டு உள்ளே போய், நாலு வாங்கி ஒன்று கொடுப்பார். அவர் ‘முட்டுக்காரர்’.

“ஒங்க ஆளு இன்னைக்கு இருந்தா ஹெவிவெயிட்லயே சேத்துக்க மாட்டாக. ஒருபடி கீழதான் நிப்பாரு” என்பேன்.

“இப்ப உள்ள பயலுவள பதினஞ்சு ரவுண்டு நிக்கச் சொல்லு பாப்போம். பன்னெண்டுலயே மூச்சு வாங்குது. அப்பல்லாம் டாக்டர் கிடையாது, சத்து மாவு கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எல்லாத்தையும் சேத்துப் பாருத்தா” என்பார்.

நானும் விட மாட்டேன். அந்தக் காலத்துச் சாம்பியன்கள் சிலர் கறுப்பு வீரர்களோடு மோதவே மாட்டேன் என்று பட்டத்தைப் பொத்தி வைத்திருந்தார்களே, அது என்ன வீரம் என்று கேட்பேன். பக்கத்தில் நிற்கவே விடாமல் ஒருத்தனை ஒதுக்கிவிட்டு நானே பெரியவன் என்று சொல்லிக்கொள்வது எங்கள் பக்கத்துக்குப் புரியாத விஷயமா? அதற்கு மட்டும் அண்ணன் மல்லுக்கு நிற்க மாட்டார். “அது சரிதான்” என்று போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

அப்புறம் அண்ணனுக்குப் பேச்சு குழற ஆரம்பித்தது. திராட்சைப் பந்தலுக்கடியில் நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து கல்தூணில் இடித்துக்கொண்டார். மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோனார். பக்கத்துத் தோட்டத்துக்குள் தண்ணீர் போய், அவர்கள் வந்து கத்திவிட்டுப் போனார்கள். கையில் டீ தம்ளர் ஆடியது.

ஊருக்கு இதில் சந்தேகமே வரவில்லை. மிலிட்டரிக்காரர், கேன்டீன் சரக்கு மாதா மாதம் வருகிறது, குடிக்கிறார். அவ்வளவுதான். அண்ணன் வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை. அந்த பாட்டில்களைக் கேட்டு வாங்கிப் போனதெல்லாம் யார் தெரியுமா? சொந்தக்காரர்கள், டீக்கடைக்காரர், வீடு தேடி வந்து பல்லைக் காட்டி நின்றவர்கள். தங்கள் தொண்டையில் இறங்கிய சரக்கை அவர் வாயில் ஊற்றிவிட்டு, “நல்ல மனுசன், குடிச்சே கெட்டாரு” என்று உச்சுக் கொட்டியவர்களும் அவர்கள்தான்.

எங்கள் பக்கம் குடிகாரனுக்கு ஒரு வைத்தியம் உண்டு. கோயிலில் கொண்டுபோய் நிறுத்தி, இத்தனை காலம் குடிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டிவிடுவார்கள். மீறினால் ரத்தம் கக்குவான் என்று நம்பிக்கை. அம்மாவும் மதினியும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அண்ணனை மலையடிவாரத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். அவரும் மறுக்காமல் போயிருக்கிறார். ஒரு வருஷத்துக்குக் குடிக்க மாட்டேன் என்று நாக்குக் குழறச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பூசாரி, “சத்தியம் பண்ணவே போட்டுட்டு வந்திருக்காக போல” என்று சொல்லிச் சிரித்தாராம். இதை மதினியே என்னிடம் அழுதுகொண்டு சொன்னார். குடித்து ஒரு நாளாவது நாற்றம் அடித்ததா என்று கேட்டேன். “எனக்கென்ன தெரியும், வாசம் வராத சரக்கெல்லாம் வந்திருக்காமே” என்றார். பக்கத்தில் படுக்கிறவருக்குத் தெரியாதாம், ஊருக்குத் தெரியுமாம்.

கயிறு கட்டிய பிறகும் அண்ணன் தள்ளாடினார். இப்போது ஊர் சாமிக்குத்தம் என்றது.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. கல்யாண வீடு என்று பொய் சொல்லி மதுரைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, “தலையில நிறைய அடி வாங்கிருக்காரா?” என்று கேட்டார். பட்டாளத்துக் குத்துச்சண்டை என்றேன். வருஷக்கணக்காகத் தலையில் விழுந்த குத்து, மூளை கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுகிறது, தள்ளிப்போடலாம், சரிபண்ண முடியாது என்றார். பரம்பரை வியாதியா என்று அண்ணன் கேட்டார். இல்லை என்று டாக்டர் சொன்னதும் நிம்மதியாகத் தலையாட்டினார். தனக்கு என்ன ஆகும் என்று அவர் கேட்கவே இல்லை.

வெளியே வந்து, ஊரில் இறங்கினதும் நேராக டீக்கடைக்குப் போய் அத்தனை பேர் முகத்திலும் இந்த ஸ்கேனை விசிறி அடிக்கிறேன் என்றேன். முதலில் அந்தக் கயிற்றை அறுத்துப் போடுங்கள் என்றேன். அண்ணன் சட்டென்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

“வேணாம்த்தா. கிடக்கட்டும்.”

“ஏன் கிடக்கணும்? செய்யாத தப்புக்கா?”

“எனக்குத் தெரியாமயா கட்டிக்கிட்டேன்? தலைக்குள்ள என்னமோ ஆகுதுன்னு எனக்கு அப்பவே தெரியும்.” வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துச் சொன்னார். “மூளைல கோளாறுன்னா நம்ம ஊர்ல என்ன சொல்லுவாக? பைத்தியம்பாக. பைத்தியக்காரன் மகளுக்கு எவன் வருவான்? குடிகாரன் மகளுக்கு வருவாக.”

நான் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. எங்கள் சொந்தத்தில் குடிக்கிற அப்பன்களின் பெண்கள் எத்தனையோ பேர் மணவறை ஏறியிருக்கிறார்கள். சித்தப்பா வழியில் ஒருவருக்கு வலிப்பு என்பதற்காகவே வீட்டோடு இருக்கிற பெண்ணும் இருக்கிறாள். பரம்பரை இல்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சம்பந்திகள் கேட்டுக்கொள்வார்களா? அண்ணன் ஊரை என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

மதினியிடம் மட்டும் சொன்னோம். அவர் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. அப்புறம் அவரும் எங்கள் பொய்யில் சேர்ந்துகொண்டார். அண்ணனுக்காக நான் மாத்திரை வாங்கி வருவதை ‘குடியை நிறுத்துற மருந்து’ என்றே அம்மாவிடம் சொன்னோம். டீக்கடையில் வடை வாங்க நிற்கும்போது கடைக்காரர், “இப்ப எப்படி, தொடுறதில்லல?” என்று கேட்பார். இல்லை என்பேன். அந்த வடையைப் போகிற வழியில் நாய்க்குப் போட்டுவிடுவேன்.

போடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஏலக்காய் வியாபாரம், நல்ல மனிதர்கள். பெண் பார்த்துக் கைநனைத்து எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளையின் அப்பா தயங்கித் தயங்கி, “கேள்விப்பட்டோம். இப்ப எப்படி?” என்றார். அண்ணன் கையைத் தூக்கிக் கயிற்றைக் காட்டினார். “விட்டுட்டேன்” என்று குழறினார். மாப்பிள்ளையின் அப்பா மனம் இளகிப்போய், “விடுறதுதான் சார் பெரிய விசயம்” என்றார். மதினி காபி எடுக்கிற சாக்கில் உள்ளே போய்விட்டார்.

பேச்சை மாற்ற நினைத்தாரோ என்னவோ, அந்த மனிதர் அலமாரிக் கோப்பைகளைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகக் கேட்டார்: “நீங்க பெரிய பாக்ஸராமே. சொல்லுங்க, ஒலகத்துலயே ஹெவிவெயிட்ல யாரு பெரிய ஆளு? எனக்கென்னமோ அந்த ஆடிக்கிட்டே அடிக்கிறவரு மாதிரி இன்னொருத்தன் பொறக்கலைன்னு தோணும்.”

அண்ணனின் முகம் மலர்ந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தார். வாயைத் திறந்தார். பெயர் வரவில்லை. இத்தனை வருஷமாக என்னோடு சண்டை போட்ட பெயர். உதடு அதன் முதல் எழுத்துக்காகக் குவிந்து நின்றது. கை மட்டும் தானாகவே முன்னால் வந்து, தலையைக் குனிந்து முட்டிக்கொண்டு போவது போல ஒரு சைகை செய்தது. பிறகு என்னைப் பார்த்தார்.

நான் முட்டுக்காரரின் பெயரைச் சொன்னேன். “அவருதான், சம்பந்தி. அவர மிஞ்ச ஆளே கிடையாது” என்றேன்.

அண்ணன் சிரித்தபடி தலையாட்டினார். மாப்பிள்ளையின் அப்பா தம் மனைவி பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னது எனக்கும் கேட்டது.

“பாத்தியா, குடி ஞாபகத்தக்கூட விட்டு வைக்கல. பாவம், நல்ல வேளை நிறுத்திட்டாரு.”