அக்காவின் இரண்டாவது பரிசோதனை

எங்கள் அக்கா சண்டிலிப்பாயில், புகையிலைத் தோட்டத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். வாடிய கன்றைத் தகப்பனார், எங்கள் ஐயா, பிடுங்கி எறிவார். அக்கா அதைப் பொறுக்கி வந்து பிரித்துப் பார்ப்பார். "உவள் ஆம்பிளையாப் பிறந்திருந்தால்!" என்று பெருமூச்சு விட்ட உறவினர் பலர். ஆம்பிளையாகப் பிறந்த நாங்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் இங்கே எழுதத்தான் வேண்டும்.

ஊரிலும் கொழும்பிலும் படித்து, புலமைப்பரிசில் பெற்றுச் சீமையில் கலாநிதிப் பட்டம் வாங்கினார். அவர் ஆராய்ந்தது குரோமற்றின். எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன். உடலின் கலம், அதாவது உயிரணு, அநேகமாக ஒவ்வொன்றிலும் பரம்பரையலகுகளான ஜீன்கள் எல்லாமே உண்டு. எல்லாம் வேலை செய்வதில்லை. அவற்றைத் தாங்கும் இழை புரதங்களில் சுற்றி மடிந்து கிடக்கிறது. மடிப்பு இறுகிய இடத்து அலகு பேசாமல் இருக்கும். "அலுமாரிக்குள்ளை மடிச்சு வைச்ச சீலை மாதிரியம்மா. இருக்குது, விரிச்சால்தானே உடுக்கலாம்" என்று அம்மாவுக்குச் சொன்னார். மூடிய அலகு மீண்டும் திறக்கக் கூடும் என்று ஊகித்து அக்கா அங்கிருந்தபோது எழுதிய கட்டுரையைப் பிறநாட்டார் எடுத்தாண்டனர்.

பிறகு கொழும்பில் கற்பித்தார். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் வீடு எரிந்தது. உடுத்த உடையோடு கப்பலில் ஊர் வந்து சேர்ந்தார். சீமையிலிருந்து அழைப்பு வந்தும், ஐயா காலமான பின் அம்மாவைத் தனியே விட மனமில்லாமல், இங்கே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலேயே கற்பிக்கத் தொடங்கினார்.

கோழியின் செங்குருதிக் கலத்தில், எங்களுடையதைப் போலன்றி, நடுவில் கரு உண்டு. அதற்குள் குரோமற்றின் இறுகிக் கிடக்கும். அதனால் அக்கா காலையில் சைக்கிளில் யாழ்ப்பாணச் சந்தைக்குப் போய், கோழியிறைச்சிக் கடையில் இரத்தம் எடுத்து வருவார். முட்டை கூட நுழையாத வீட்டுப் பிள்ளை! ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கடைக்காரர் மட்டும் காரணம் கேட்கவில்லை. போத்தலைக் கழுவி ஆயத்தமாக வைத்திருப்பார்.

போர் மூண்டு மின்சாரம் நின்ற பிறகு குருநகர் மீனவர்களிடம் ஐஸ் வாங்கி, உமியில் பொதிந்து ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவார். சூடு பட்டால் கலத்திலுள்ள நொதியங்களே இழையைத் தின்றுவிடுமாம். கையால் சுற்றும் பொறியில் கருக்களைப் பிரித்தார். மடிப்பை இறுக்கும் புரதமொன்றை மெல்ல நீக்கியபோது, மூடிய அலகு திறப்பதை ஒருமுறை கண்டார்.

"ஒருக்காக் கண்டது காணாததுக்குச் சமன். இன்னொருக்காக் காணவேணும்" என்றார்.

இரண்டாம் முறைக்குக் கருக்களைப் பிரித்து முடித்த அன்று ஷெல்லடி தொடங்கியது. ஐஸ் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாள் நல்லூர்க் கோயில் கொடியேற்றம். கொடியேறினால் எங்கள் வீடு முழுவதும் கழுவப்படும். வீடு கழுவிய அம்மா பெட்டியைத் திறந்தார். போத்தல்களில் கோழிக் குருதி. விரத வீட்டில் அது இருக்கலாமா? தேசிமரத்தடியில் ஊற்றிவிட்டார்.

அக்கா வெறும் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பரவாயில்லையம்மா, பழுதானதுதான். தேசிக்கு நல்லது" என்றார். அதன் பிறகு ஐஸ் கிடைக்கவேயில்லை.

போன வருடம் சீமையில் படிக்கும் அவருடைய பழைய மாணவி, தரைப்பாதை பூட்டிக் கிடந்ததால், கிளாலிக் கடலில் படகேறி வந்தாள். அக்கா அப்போது சிறுநீரக நோயோடு படுக்கையில் இருந்தார்.

"மிஸ், அங்கை ஒரு ஆய்வுகூடத்திலை மூடின அலகைத் திறந்து காட்டிப்போட்டினம். உங்கடை பழைய கட்டுரையிலையிருந்துதான் தொடங்கினவை."

"அப்ப நான் கண்டது சரி" என்று அக்கா சிரித்தார். பிறகு, "அவையிட்டை ஐஸ் இருந்திருக்கும்" என்றார்.

தேத்தண்ணியோடு வந்த அம்மா வாசலில் நின்றுவிட்டார்.

"பிள்ளை, நான் ஊத்தினது உதுதானோ?"

"இல்லையம்மா. அது வேறை."

அம்மா நம்பவில்லை. அன்றிரவு அவர் சாப்பிடவுமில்லை.

அக்காவுக்கு வேண்டிய மருந்து கடைசிவரை வரவில்லை. ஏன் வரவில்லை, எந்தத் தடையில் நின்றது என்பது இதை வாசிக்கும் எல்லோருக்கும் தெரியும். எனக்கு இன்னும் ஆறவில்லை.

செத்த வீட்டன்று கோழிக் கடைக்காரர் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அம்மாதான் கண்டார்.

"தம்பி, ஏன் வெளியிலை நிக்கிறியள்? உள்ளை வாங்கோ."

"இல்லையம்மா, கடையாலை நேரா வாறன். உடுப்பெல்லாம்…"

"என்ரை பிள்ளை கண்டதெல்லாம் நீங்கள் குடுத்ததிலைதான். ஊத்தினது நான். வாங்கோ, வந்து அவளைத் தூக்குங்கோ."

அவரும் பாடை தூக்கினார்.

ஷெல்லுக்கு நடுவிலும் வந்து துயர் பகிர்ந்த உறவினருக்கும், மருந்து தேடி அலைந்த வைத்தியருக்கும், மாணவருக்கும், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன், அச்சுத்தாள் இல்லாமல் கொப்பித் தாளிலாவது இந்த நினைவு மலரை அச்சிட்டுத் தந்தவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கடைக்காரரின் பெயரை எழுதப் போனபோது அம்மா தடுத்தார்.

"பேர் போட்டால் பிறத்தியாள் மாதிரிக் கிடக்கும். தம்பி எண்டு போடு, காணும்."

கடைசியில் எழுதினாலும், முதல் நன்றி எங்கள் தம்பிக்கு.