திணை வழுவிய சக்கரம்

நான் நான்காம் வகுப்புப் படித்த ஆண்டில் எங்கள் வீட்டில் எனக்குத் தபால்காரி வேலை கிடைத்தது. அம்மாவும் அப்பாவும் பேசிக்கொள்வதில்லை. "உங்க அப்பாவ சாப்பிட வரச் சொல்லு" என்பாள் அம்மா, சோற்றுத் தட்டை அப்பாவின் முழங்காலுக்கு முன்னால் வைத்துக்கொண்டே. "பசிக்கலன்னு சொல்லு பாப்பா" என்பார் அப்பா, சோற்றைப் பிசைந்துகொண்டே. இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு செய்திகளையும் நான் ஒருமுறை உரக்கச் சொல்ல வேண்டும். நான் சொல்லாத வரை எதுவும் சொல்லப்பட்டதாக ஆகாது. அந்தப் பதவியின் கௌரவம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அப்பாவுக்குத் தா.பழூர் கடைத்தெருவில் வாடகை சைக்கிள் கடை. அம்மா பக்கத்துக் கிராமத்துத் தொடக்கப்பள்ளியில் டீச்சர்; நானும் அங்கேதான் படித்தேன். சண்டைக்குக் காரணம் ஒரு கல்யாணம். அதுவும் எங்கள் வீட்டுக் கல்யாணம் அல்ல. அப்பாவின் கூட்டாளி ஒருவருடையது. எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் சேர்ந்து வாழ்த்து மடல் அச்சடித்து, மைக்கில் படித்துவிட்டு, பந்தலில் இருக்கும் எல்லோருக்கும் கொடுப்பார்கள். விசிறிக்கொள்ளத் தோதாகக் கெட்டித் தாளில் இருக்கும். அந்த மடலுக்கு ஒரு பாட்டு வேண்டும் என்று அப்பா அம்மாவிடம் கேட்டார். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் அம்மா எழுதிக் கொடுத்துவிட்டாள்.

மடல் அச்சாகி வந்தபோது பாட்டுக்குக் கீழே அப்பாவின் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் 'கவிஞர்' என்றும் இருந்தது. அச்சகத்துக்காரர் தானாகப் போட்டுவிட்டார் என்றார் அப்பா. பந்தலில் மைக்கைப் பிடித்து அவரே அதைப் படித்தார். படித்து முடித்ததும் மாப்பிள்ளை வீட்டார் அவருக்குச் சரிகை போட்ட சால்வை ஒன்றைப் போர்த்தினார்கள். சித்திரை வெயிலில், சாப்பாட்டுப் பந்தியிலும் அதைக் கழற்றாமல், வியர்த்து வழிந்தபடி அப்பா பாயசம் குடித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அதன்பிறகு கடைக்கு வந்தவர்கள் எல்லாம் "கவிஞரே, பின்னால காத்து கம்மியா இருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்பா அடக்கமாகச் சிரித்துக்கொண்டே பம்பை எடுப்பார். ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்து, "மளிகைக்கடைக்காரரு பேத்திக்குக் காது குத்துறாராம். எங்கிட்ட ஒரு பாட்டு கேக்குறாரு. நாளைக்குள்ள எழுதிக் குடுத்துரு" என்றார் அம்மாவிடம். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "கவிஞரையே எழுதிக்கச் சொல்லு பாப்பா" என்று என்னிடம் சொன்னாள். நான் பதவி ஏற்றது அன்றைக்குத்தான்.

அம்மாவுக்கு அந்தச் சால்வையின் மேல் ஆசை என்றுதான் நான் நினைத்தேன். இதில் வியப்பு ஒன்றுமில்லை. அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். சால்வையை மடித்து அம்மாவின் மேசைமேல் வைத்துவிட்டு, சமாதானம் ஆகிவிடும் என்று வாசலில் காத்திருந்தார். மறுநாள் அம்மாவின் வகுப்பில் சரிகை மினுங்க ஒரு துணி கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் அரியலூரில் கண்காட்சி ஒன்று வைக்கப்போவதாகப் பள்ளிக்கூடத்துக்குச் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் பாடம் நடத்த உதவும் பொருட்களைத் தாங்களே செய்து கொண்டுவர வேண்டும். டி.எல்.எம். என்பார்கள். எந்த டீச்சரைப் பார்த்தாலும் கையில் கத்தரிக்கோலும் பசைப் புட்டியுமாக இருந்த காலம் அது. அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்துக்குள் இருந்தது. இங்கே ஜெயித்தால் பெரம்பலூருக்குப் போகலாம். கணக்குக்கும் அறிவியலுக்கும் எல்லோரும் செய்துவிடுவார்கள் என்று அம்மா கவிதையை எடுத்துக்கொண்டாள். பிள்ளைகள் பாட்டை மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்களே தவிர, ஒரு வரி சொந்தமாகச் சொல்லத் தெரியவில்லை என்பது அவளுடைய பழைய குறை.

முதலில் அவள் செய்தது கவிதை மரம். பழைய கல்யாணப் பத்திரிகைகளை அட்டை அட்டையாக வெட்டி, பின்பக்கம் ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதி, பள்ளிக்கூடத்து வேப்பங்கிளையில் நூல்கட்டித் தொங்கவிட்டாள். பிள்ளைகள் சொற்களைப் பறித்து வரிசையாக வைத்து வரி அமைக்க வேண்டும். மதிய உணவு மணி அடித்தபோது எதிர்வீட்டு ஆடு வந்து பின்னங்காலில் நின்று 'வானம்', 'நிலவு', 'தென்றல்' மூன்றையும் தின்றுவிட்டது. 'புல்' என்ற அட்டையை மட்டும் முகர்ந்து பார்த்துவிட்டு விட்டுவிட்டது. சத்துணவு ஆயா, "ஆட்டுக்குத்தான் டீச்சர் கவிதை வரப்போவுது" என்றார்.

அன்று மாலை அம்மா அடுப்படியில் நின்றபடி, "கடையில பழைய சக்கரம் எதுனா கெடக்கான்னு உங்க அப்பாகிட்ட கேளு" என்றாள்.

நான் கேட்பதற்குள்ளேயே அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடிவிட்டார். பெரிய சைக்கிள் சக்கரம் ஒன்று, பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடும் அரைச் சைக்கிளின் சக்கரம் ஒன்று, மூன்று சக்கரக் குட்டிவண்டியின் சக்கரம் ஒன்று ஆகியவற்றுடன் திரும்பினார். மரச்சட்டம் அடித்து, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றின் உச்சியிலும் தகரத்தில் ஓர் அம்புக்குறி வைத்தார். சக்கரங்களைச் சுற்றி அம்மா எழுதிய சொல் அட்டைகள். முதல் சக்கரத்தில் நிலா, கொக்கு, எருமை, ரயில், ஆடு. இரண்டாவதில் வானத்தில், குட்டையில், மெல்ல, பல்லைக்காட்டி. மூன்றாவதில் பறக்கும், நீந்தும், சிரிக்கும், தூங்கும். மூன்றையும் சுழற்றிவிட்டால் அம்புக்குறிகளுக்குக் கீழே ஒரு வரி வந்து நிற்கும். அதற்கு எதுகை போட்டு அடுத்த வரியைப் பிள்ளைகள் எழுத வேண்டும்.

என் பெயரையும் முதல் சக்கரத்தில் போடச் சொல்லி அழுதேன். அம்மா மறுத்துவிட்டாள். "ஆள் பேரு வந்தா வினை மாறிடும்டி. ஆடு ஓடும், ரயில் ஓடும். நீ ஓடும்னு சொல்ல முடியுமா? மாடு, மரம், வண்டிக்குத்தான் 'ஓடும்'. அதுக்குப் பேரு அஃறிணை. ஆளுங்க எல்லாம் உயர்திணை."

"அம்மா நாளைக்கு வரும்னு அப்பா சொல்லுதே?"

"உங்க அப்பா சொல்றதெல்லாம் இலக்கணமா?" என்றாள். எங்கள் ஊரில் அம்மா வரும், அம்மா போகும், அம்மா சொல்லுச்சு என்றுதான் எல்லோரும் பேசுவோம். அது மரியாதைக் குறைவு அல்ல. அதைவிட ஒட்டுதலாகப் பேச எங்களுக்குத் தெரியாது. ஆனால் அம்மா டீச்சர்.

வீட்டில் சுழற்றிப் பார்த்தபோது முதலில் 'கொக்கு மெல்லத் தூங்கும்' மாதிரியான நல்ல வரிகள் வந்தன. அடுத்து 'எருமை பல்லைக்காட்டிச் சிரிக்கும்' என்று வந்தது. அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா சிரிப்பு வந்ததும் சட்டென்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே தண்ணீர்க் குடத்தை நகர்த்தும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

கண்காட்சி அன்று காலையில், கடைசியாக ஒரு தடவை எண்ணெய் போட வேண்டும் என்று அப்பா சக்கரங்களைக் கடைக்குத் தூக்கிப்போனார். நாங்கள் பஸ் நிறுத்தத்துக்குப் போனபோது, அம்மாவின் பழைய சேலை ஒன்றைச் சுற்றி மூட்டையாகக் கட்டி வைத்திருந்தார். கண்டக்டர் அதைப் பார்த்து, "என்ன டீச்சர், சர்க்கஸா?" என்று கேட்டுக்கொண்டே பஸ் கூரையில் ஏற்ற உதவினார். மூட்டையை இறக்க ஆள் வேண்டும் என்று அப்பாவும் ஏறிக்கொண்டார்.

அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சி. எங்கு பார்த்தாலும் தெர்மாகோல். தெர்மாகோலில் இதயம், தெர்மாகோலில் பூமி, தெர்மாகோலில் பெருக்கல் வாய்ப்பாடு. எங்களுக்குப் பக்கத்து மேசையில் ஐந்து திணைகளையும் தெர்மாகோலில் செய்து வைத்திருந்தார்கள். மலை, காடு, வயல், கடல், பாலை எல்லாம் வண்ணம் பூசி, நடுவில் பருத்தி மேகங்களோடு. அம்மா சேலையைப் பிரித்துச் சட்டத்தை நிறுத்துவதற்கும் நடுவர் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது. அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். கையில் பேனா, மூக்கின் நுனியில் கண்ணாடி.

அம்மா விளக்கினாள். நடுவர் தலையாட்டிக் கேட்டார். "எல்லாம் அஃறிணைப் பேரு, அஃறிணை வினை. யோசிச்சுச் செஞ்சிருக்கீங்க டீச்சர். நல்லாருக்கு" என்றார். அம்மாவின் முகம் மலர்ந்தது. பெரம்பலூருக்கு எந்தப் பாவாடை கட்டிக்கொள்ளலாம் என்று நான் யோசிக்கத் தொடங்கினேன்.

நடுவர் மூன்று சக்கரங்களையும் சுழற்றினார். பெரிய சக்கரம் சுழன்று, தயங்கி, கொஞ்சம் பின்னுக்கு வந்து நின்றது. அம்புக்குறிக்குக் கீழே 'அம்மா'. அடுத்த சக்கரம், 'கவிதை'. குட்டிச் சக்கரம், 'எழுதும்'.

இந்த மூன்று சொற்களும் அம்மா எழுதியவை அல்ல. அம்மாவின் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். இவை சிவப்புப் பெயிண்டில், வாடகை சைக்கிள்களின் மட்கார்டில் எண் போடும் கோணல் எழுத்தில் இருந்தன.

"அம்மா எழுதுமா?" என்றார் நடுவர். "அம்மா என்ன ஆடா மாடா? எழுதுவாள்னு வரணும், இல்ல எழுதுவார்னு வரணும். திணை வழுவுதே டீச்சர்?"

நடுவர் வேறு வரி வரட்டும் என்று மறுபடி சுழற்றினார். தயங்கி, பின்னுக்கு வந்து, மூன்றும் நின்றன. 'அம்மா கவிதை எழுதும்'. சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு பலமாகச் சுழற்றினார். சக்கரங்கள் விர்ரென்று சுற்றின. பக்கத்து மேசைப் பருத்தி மேகங்கள் பறந்தன. 'அம்மா கவிதை எழுதும்'.

"ஏம்மா, இது இந்த ஒரு வரியத்தான் எழுதுமா?"

"நெறைய எழுதுமுங்க சார்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. அப்பா. தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, மூட்டை தூக்கி வந்தவராகச் சுவரோரம் நின்றிருந்தவர், இப்போது முன்னால் வந்தார். "நல்லாவே எழுதுமுங்க. நானே கண்ணால பாத்திருக்கேன்."

"எது, இந்தச் சக்கரமா?"

"இல்லிங்க. பாப்பாவோட அம்மா." என்னைக் காட்டினார். "எங்க கூட்டாளி கல்யாணத்துக்கு நான் எழுதுனேன்னு ஊரே சொல்லுது பாருங்க, அதையும் இதுதாங்க எழுதுச்சு. எனக்குப் பஞ்சர் ஒட்டத்தாங்க தெரியும்."

நடுவருக்கு எந்தக் கல்யாணம் என்று தெரியாது. எங்கள் ஊர்ப் பள்ளிகளிலிருந்து வந்திருந்த டீச்சர்களுக்குத் தெரியும். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். "அது சரி, அப்பவும் எழுதினார்னுதான் வரணும்" என்று நடுவர் அப்பாவையும் திருத்திவிட்டு, கையிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டு நகர்ந்தார்.

அம்மா சக்கரத்தின் பின்பக்கம் கைவிட்டுத் தடவினாள். அம்புக்குறிக்கு நேர் எதிரே, அடிப்பக்கத்தில், கம்பிகளுக்கு இடையே ஒரு கனமான நட்டு கம்பிச்சுருளால் கட்டப்பட்டிருந்தது. மூன்று சக்கரங்களிலும் அப்படியே. எப்படிச் சுழற்றினாலும் கனமான பக்கம்தானே கீழே வந்து நிற்கும். அம்மா ஒரு நட்டை முறுக்கிக் கழற்றி, கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கைப்பையில் போட்டுக்கொண்டாள். அப்பா சக்கரத்தைச் சரியாகப் பூட்டவில்லை, அதனால்தான் வேண்டாத நட்டு மிஞ்சியிருக்கிறது என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது.

பரிசு தெர்மாகோல் ஐந்திணைக்குப் போனது. திணை வழுவாதவர்களுக்குத்தானே கொடுக்க முடியும். நான் ஓரமாகப் போய் அழுதேன். அழுதுவிட்டு வந்தபோது அம்மா மடித்த சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு வழக்கம்போல அப்பாவிடம் திரும்பி, "சாப்பிட்டீங்களான்னு அம்மா கேக்குது" என்றேன்.

"இன்னும் இல்ல" என்றார் அப்பா.

"இன்னும் இல்லையாம்" என்றேன் அம்மாவிடம். இரண்டு பேரும் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பரிசும் போய், பதவியும் போன நாள் அது.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. அம்மாவோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பஸ் கிளம்பியதும் அம்மா என் முதுகில் தட்டி, "போ, முன்னால டிரைவர்கிட்ட இஞ்சின் மேல உக்காந்துக்க" என்றாள். எத்தனையோ தடவை கெஞ்சியும் சூடு என்று சொல்லி அவள் அனுப்பாத இடம் அது. ஓடிப்போய் ஏறிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது என் இடத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். அம்மா ஏதோ சொல்ல, அவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அம்மாவும் சேலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். தோற்றுவிட்டு வருகிறவர்களுக்கு இப்படி என்ன சிரிப்பு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் இஞ்சின் மேல் உட்கார விட்டார்களே, தோற்றுப்போன பிள்ளைக்கு ஆறுதல் பரிசு தர அம்மாவுக்காவது தோன்றியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, தா.பழூர் வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.