உள்ளே மாட்டிக்கொண்ட வீட்டுக்காரி

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கள்ளிக்குப்பத்தில் எங்கள் சொந்த வீட்டின் மாடியில் நாங்கள் இருந்தோம். கீழ் வீட்டில் ஸ்டெல்லா குடும்பம் வாடகைக்கு இருந்தது. "பாத்ரூம் தாழ்ப்பா சிக்கிக்குது, வந்து பாருங்கக்கா" என்று அவள் பலமுறை சொல்லியும், நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன்.

ஒருநாள் காலை அடுப்பில் பாலை வைத்துவிட்டு, ஒரு நிமிஷ வேலைதானே என்று கீழே போனேன். ஸ்டெல்லா குடத்தோடு தெருக் குழாய்க்குக் கிளம்பிவிட்டாள். நான் உள்ளே நின்று தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தேன். திறக்கவே வரவில்லை! கத்தினேன், கதவைத் தட்டினேன். பால் தீயும் வாடை வந்ததும் இன்னும் பலமாகத் தட்டினேன்.

நல்லவேளை, ஸ்டெல்லா திரும்பி வந்தாள். "கதவ இழுத்துப் புடிச்சிகினு தாழ்ப்பாவத் தூக்குங்கக்கா!" என்றாள். திறந்துகொண்டது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். பாத்திரம் கருகியதோடு போயிற்று.

கீழே வந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "நேத்து எம் பொண்ணு இப்டிதான் மாட்டிகினு அழுதுச்சிக்கா" என்றாள்.

அன்று சாயங்காலமே தச்சரை வரவழைத்துப் புதுத் தாழ்ப்பாள் போட்டேன். அதற்கப்புறம்தான் இருவரும் சேர்ந்து சிரித்தோம்.

இப்போது குடித்தனக்காரர் எது சொன்னாலும் அன்றைக்கே போய்ப் பார்த்துவிடுகிறேன். வருகிறவர்களும் வருஷக்கணக்கில் எங்களோடு ஒட்டிக்கொள்கிறார்கள்.

- வசந்தா, அம்பத்தூர்