விசிலுக்குச் சிமிட்டும் விளக்கு

ஆம்பூரில் வீடு கட்டி முடித்ததும் என் கணவர் முதலில் வாங்கி மாட்டியது சாமி படத்தை அல்ல, பேனல் என்று சொல்கிற, சுவரில் பதிக்கும் தொடுதிரைகளை. கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, மாடியில் ஒன்று. அவர் ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் இருக்கிறார். சரக்கு வாங்கும் யாரோ ஒரு வெளிநாட்டு பையர் வீட்டில் இப்படி இருந்ததாம். அன்றிலிருந்து அந்த ஆசை. சுவிட்சுகளை எல்லாம் பிடுங்கிவிட்டார்கள். ஃபேன் போட வேண்டுமென்றாலும் அந்தக் கண்ணாடி முன்னால் போய் நிற்க வேண்டும். எனக்கு முதல் நாளே எரிச்சல்தான்.

ஆனால் பொருத்த வந்த வேலூர்க்காரர் ஒரு நல்ல செய்தி சொன்னார். ஃபோனில் போடுவது போல இதிலும் எந்த ஆப் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், தெரிந்தால் நாமே எழுதியும் போடலாம் என்றார். நான் வீட்டிலிருந்தபடி ஒரு கம்பெனிக்கு ஆப் எழுதிக் கொடுக்கிறவள். கை பரபரத்தது.

அன்று சாப்பிடும்போது யாருக்கு என்ன ஆப் வேண்டும் என்று கேட்டேன். என் கணவருக்கு இத்தாலி நேரமும் லண்டன் நேரமும் டாலர் ரேட்டும் வேண்டும். வருகிறவர்கள் பார்த்து வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, கரண்ட் போனால் முதலில் யார் பேனலைத் தொடுகிறார்களோ அவர்கள் ஜெயித்ததாக ஒரு விளையாட்டு கேட்டாள். கரண்ட் போனால் பேனலும் போய்விடும் என்றதும் தட்டைப் பார்த்துச் சிரித்தாள். நான் காவிரித் தண்ணீர் விடும் நேரத்தைச் சொல்ல ஒன்று எழுதலாம் என்றேன். போர் தண்ணீரைச் சமையலுக்கு எடுக்க முடியாது. வாயில் வைத்தால் உப்பு கரிக்கும்.

எங்கள் வாய்களையே பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார் மெல்லக் கேட்டார். "குக்கர் எத்தனி விசில் வுட்டுச்சுன்னு அதால சொல்ல முடியுமாம்மா?"

அவருக்குக் காது கேட்காது. பல வருஷம் ஷூ கம்பெனியில், தோலை வெட்டும் கட்டிங் பிரஸ் அடிக்கும் கூடத்தில் வேலை பார்த்தவர். அந்தச் சத்தத்தில் குரல் எடுத்துப் பயனில்லை என்று அங்கே பெண்கள் எல்லாரும் உதட்டை அசைத்தே பேசிக்கொள்வார்களாம். அதனால் காது போய்க்கொண்டிருப்பது அவருக்கே தெரியவில்லை. வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது. கருவி வாங்கிக் கொடுத்தோம். அது இரைச்சலைத்தான் ஜாஸ்தி பண்ணுகிறது என்று கழற்றி வைத்துவிட்டார். அந்தச் சம்பளத்தில்தான் என் கணவர் காலேஜ் போனார். இதை அந்த மனிதர் யாரிடமும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரே வாரத்தில் எழுதி முடித்தேன். பேனலில் இருக்கும் மைக் விசிலை எண்ணும். மூன்று என்று வைத்தால், மூன்றாவது விசிலுக்குச் சமையலறை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும், அடுப்பை அணைத்துவிட்டுத் தொட்டால்தான் நிற்கும். வாசல் மணி அடித்தால் கூடத்து விளக்கு சிமிட்டும். மாடியிலிருந்து நான் கூப்பிட்டால் என் படம் சமையலறைப் பேனலில் வரும். அதுவரை குக்கர் வைத்தால் வெயிட்டையே பார்த்துக்கொண்டு நிற்பார். இப்போது அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து காய் நறுக்கினார். முதல் நாள் விளக்கு சிமிட்டியதும், "அடேயப்பா, கூப்புடுது பாரு!" என்று ஓடினார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாத்தனாரைப் பெண் பார்க்க நாட்றம்பள்ளியிலிருந்து வருவதாகச் சேதி வந்தது. அன்றே என் கணவர் ஆரம்பித்துவிட்டார்.

"அந்த லைட்டு சமாச்சாரத்த எடுத்துடு. மினுக்கு மினுக்குன்னு அடிச்சா இன்னா ஏதுன்னு கேப்பாங்க. அம்மாவுக்குக் காது கேக்கலன்னா பொண்ணுக்கும் வரும்னு நெனப்பாங்க."

"மிஷின் சத்தத்துல போன காது எப்படிங்க பரம்பரையா வரும்?"

"உனக்கு இதெல்லாம் தெரியாது. அம்மா வரட்டும், வணக்கம் சொல்லட்டும், சிரிக்கட்டும், உள்ள போயிடட்டும். பேச்சே வேணாம்."

பெற்ற தாய்க்கு அவருடைய சொந்த வீட்டிலேயே இந்த உத்தரவு. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. மாமியாரோ, "பொண்ணு வாழ்க்கம்மா, பரவால்ல" என்றார். அதைக் கேட்டு இன்னும் எரிந்தது. சண்டை போட்டுக் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். கூடத்து விளக்கு சிமிட்ட வேண்டாம், சமையலறை விளக்கு அப்படியே இருக்கட்டும். என் கணவரும் சரி என்று தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை பையனும் அவனுடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். மாமியார் சொல்லிக்கொடுத்தபடி வந்து கும்பிட்டார், சிரித்தார், உள்ளே போனார். மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்பதால் சாம்பாருக்குப் பருப்பைக் குக்கரில் ஏற்றிவிட்டு, முருங்கைக்காய் நறுக்க உட்கார்ந்தார். நான் மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு நாத்தனாருக்குப் புடவைக் கொசுவம் சரிசெய்துகொண்டிருந்தேன். அவளை அழைத்துக்கொண்டு படியிறங்கும்போது பருப்பு தீய்ந்த நாற்றம் மூக்கில் ஏறியது. சமையலறை வாசலில் புகை.

என் கணவர் அந்த ஆப்பை நிறுத்தியிருந்தார். காலையில், தன் ஃபோனிலிருந்து, ஒருவரிடமும் சொல்லாமல். கூடத்திலிருந்து பார்த்தால் சமையலறை தெரியுமாம். வராத வெளிச்சத்துக்காக அந்த அம்மாள் அடுப்புக்கு முதுகு காட்டிக் காத்திருந்திருக்கிறார். இவர் சோபாவில் உட்கார்ந்து விசில் மேல் விசிலாகக் கேட்டுக்கொண்டு, டாலர் ரேட் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து போய் அடுப்பை அணைக்க அவருக்குக் கால் இல்லையா? இதை இன்றைக்கு எழுதும்போதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

மாமியார் நாற்றம் பிடித்துத் திரும்பும்போதுதான் இவரும் புகையைப் பார்த்து எழுந்து ஓடினார். ஓடிப்போய் என்ன கேட்டார் தெரியுமா? வீடே அதிரக் கத்தினார். "இத்தனி விசில் வந்துச்சே, காதுல வுழல உனக்கு?"

எதை மூடி மறைக்க இத்தனை நாள் மெனக்கெட்டாரோ, அதைத் தன் வாயாலேயே ஊருக்குச் சொல்லிவிட்டார். மாமியார் மகனுடைய உதட்டைப் படித்துவிட்டார். அடுப்பை அணைத்தார், கையைத் துடைத்தார், அவரைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தார்.

"எனக்குக் காது கேக்காதுங்க, அதான் விசில் தெரியல. கம்பெனியில போயிடுச்சு. பொண்ணுக்கு நல்லா கேக்கும், நீங்க பயப்படாதீங்க."

பையனின் அம்மா வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லார் முகத்தையும் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டு மட்டும் இருந்தார். இப்போது அவர் எழுந்தார்.

"எனக்கும் விசில் கேக்கலங்க" என்றார்.

"அம்மா!" என்று பையன் கையைப் பிடித்து இழுத்தான்.

"வுட்றா. வாயத் தொறக்காதன்னு கார்லயே சொல்லிக் கூட்டிகினு வந்தான்மா. வாணியம்பாடி பக்கம் கம்பெனியில தோல ஒரசுற ரஃபிங் மிஷின்ல நின்னேன். எனக்கும் அங்கதான் போச்சு."

என் மாமியார் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து உதட்டை அசைத்தார். குரல் வரவில்லை. அந்த அம்மாவும் அப்படியே பதில் சொன்னார். இருவரும் கையை ஆட்டி, சத்தமே இல்லாமல், விழுந்து விழுந்து சிரித்தார்கள். காது நன்றாகக் கேட்கிற நாங்கள் எல்லாரும் ஒன்றும் விளங்காமல் நின்றோம். நான் என் கணவரின் ஃபோனைப் பிடுங்கி அந்த ஆப்பைக் கூடத்து விளக்கோடு சேர்த்து மறுபடி ஓடவிட்டு, வாசல் மணியை அடித்துக் காட்டினேன். கூடத்து விளக்கு சிமிட்டியதும் அந்த அம்மா எழுந்து நின்று மேலே பார்த்தார். "எங்க வூட்லயும் இத வெச்சுத் தர்றியாம்மா?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய மகன் கூச்சத்தை மறைக்க, பேனல் எங்கே வாங்கியது என்று என் கணவரிடம் விசாரித்தான். இவரும் பேஜார் தீர்ந்ததென்று விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு பேரையும் அந்தக் கண்ணாடியிலேயே வைத்து அறையலாம் போலிருந்தது.

ரசம் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கார் தெரு முனை திரும்பியதும் என் கணவர் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"ரெண்டு பக்கமும் ஒரே கதைதான். இனிமே பிரச்சனையே இல்ல. முடிச்சுடலாமா, இன்னா சொல்ற?" என்று தங்கையைக் கேட்டார்.

அவள் புடவையைக்கூட மாற்றவில்லை. அம்மாவுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக அவர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

"அந்த அம்மாவ எனக்கு ரொம்பப் புடிச்சிருக்கு. ஆனா உன்ன மாதிரி இன்னொருத்தன் எனக்கு வேணாண்ணா."