மூன்றாம் எண் மணி

1. போன சனிக்கிழமை, லாபு ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தொழிலதிபரின் பழைய பங்களாவுக்குப் போனேன். இப்போது அது அருங்காட்சியகம்.
2. மாடிப் படுக்கையறைச் சுவரில் அந்த வெள்ளைப் பீங்கான் அழைப்புமணிப் பொத்தானைக் கண்டேன்.
3. "அது வேலை செய்யாதுலா அக்கா. வயர் போச்சு. அடுத்த வாரம் கழட்டப் போறாங்க" என்றாள் வழிகாட்டிப் பெண்.

விரல் பட்டதும் எனக்கு மறுபடியும் ஏழு வயதாகிவிட்டது. அப்பா அந்தத் தொழிலதிபரின் ரப்பர் எஸ்டேட்டில் வயர்மேன். பொத்தானை அழுத்தினால் சமையலறையில் மணி அடிக்கும்; மணிக்கு மேலிருக்கும் பலகையில் அந்த அறையின் எண் தகடு கீழே விழும். அப்பா வேலைக்கு வரும்போதெல்லாம் நானும் வந்து, மெழுகு மணக்கும் தரையில் வழுக்கிக்கொண்டே அறை அறையாக அழுத்துவேன்.

"ஏய் ரெங்கா, உன் மகள கட்டி வைலா! முதலாளி கூப்பிடுறாருன்னு நாலு தடவ மாடி ஏறிட்டேன்!" என்று மசாலாக் கையோடு கத்துவார் சமையல்கார முனியாண்டி மாமா.

அதனால் அப்பா மசாலா அலமாரிக்குப் பின்னால் ஒரு சுவிட்சைப் பொருத்தினார். நான் வரும் நாளில் மணியை அணைத்துவிடுவார். முதலாளி குடும்பம் ஒரேயடியாக வீட்டைப் பூட்டிப் போன அன்றும் நான் அங்கே இருந்தேன்!

கீழே சமையலறைக்கு ஓடி, வழிகாட்டிப் பெண்ணும் நானுமாக அலமாரியை நகர்த்தினோம். சுவிட்ச் அணைந்தே இருந்தது. அதைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடி அழுத்தினேன்.

"அக்கா! மூணு விழுந்துச்சுக்கா!" என்று கீழிருந்து அலறினாள்.

மணி இப்போது அடிக்கிறது. கழற்றும் வேலையை நிறுத்திவிட்டார்கள். எல்லா அறைகளிலும் அழுத்திப் பார்த்ததில் ஐந்தாம் எண் மட்டும் விழவில்லை. அதைச் சரிசெய்ய ஞாயிற்றுக்கிழமை அப்பா வருகிறார்.